கரையோரக் கலைஞரும் ஓய்வின் கடனும்

கலைஞன் தன் கலையை விற்கலாமா என்னும் வினா பழையது. பாணரும் புலவரும் பரிசில் நாடி வழிநடந்த காலத்திலேயே அது தோன்றிவிட்டது எனலாம். நம்மிடையேயும் கவிதை எழுதி வந்த ஒருவன் விளம்பர நிறுவனமொன்றிற் சேர்ந்துவிட்டால், ‘விலைபோய்விட்டான்’ என ஒரே சொல்லில் அவன் கதையை முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லினுள்ளே ஓர் அறவியல் முழுவதும் மறைந்து கிடக்கின்றது. விற்பனைக்கு முன்னே கலைஞன் தூயவன், விற்பனைக்குப் பின்னே அவன் வீழ்ந்தவன் என்பதே அது. இக்கட்டுரை அந்த அறவியலை ஏற்றுக்கொள்ளவில்லை. விற்பனைக்கு முந்திய அத்தூய நிலை எங்கிருந்து வந்தது, அதற்கான விலையை யார் செலுத்தினர் என்னும் வினாவே முதலிற் கேட்கப்பட வேண்டியது என்பது எமது கருத்து.

இதனை வெறுங் கருத்து நிலையில் வைத்து ஆராய்வதிலும் பார்க்க, ஓர் இடத்தையும் அங்கு வாழ்ந்த சில இளைஞரையும் முன்னிறுத்தி ஆராய்வது பயன்தரும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே பசுபிக் கடலோரமாக அமைந்த வெனிஸ் பகுதியும், அதனோடு ஒட்டிய சான்ரா மொனிக்காவின் தென் அந்தமுமே அவ்விடம். ஓவியம், இசை, உடைப்பாணி, அலைச்சறுக்கல் ஆகிய நான்கும் ஒரே தெருவிலே ஒன்றின் தோளில் மற்றொன்று கைபோட்டு வளர்ந்த இடங்கள் உலகிற் பலவல்ல. இன்று கொழும்பிலோ சென்னையிலோ ஓர் இளைஞன் தொளதொளத்த ரீ சேர்ட்டும் தட்டையான துணிச் சப்பாத்தும் அணிந்து செல்கையில், தான் அறியாமலே அக்கரையின் சாயலையும் உடுத்திச் செல்கிறான்.

வெனிஸ் இயற்கையாக எழுந்த ஊரன்று. சிகரெட் வியாபாரத்திற் பெருஞ்செல்வம் ஈட்டிய அபொற் கின்னி என்பவர், சதுப்பு நிலத்திலே கால்வாய்கள் வெட்டி, இத்தாலிய வெனிசின் நகலாக 1905இல் அதனைத் திறந்து வைத்தார். கரையோரக் கேளிக்கைத் துறைகளுக்கு மக்களை ஈர்ப்பதற்குப் புதுமைகள் தேவைப்பட்டன. இவ்வேளையிலேதான், 1907இல், ஜோர்ஜ் பிறீத் என்னும் ஹவாய்த் தீவு இளைஞர் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். தாய்வழியில் ஹவாய்க் குருதி உடையவர். பலகை மீது நிமிர்ந்து நின்று அலையேறி வருவதில் வல்லவர். ரயில் முதலாளிகளும் கரையோர நில முதலாளிகளும் அவரது ஆற்றலை ஒரு காட்சிப் பொருளாக்கினர். அலைச்சறுக்கலை அக்கரைக்குப் பரவலாக அறிமுகஞ் செய்தவர் அவரே என்பர். 1908 டிசெம்பரில் வெனிஸ் கடலிலே புயலில் அகப்பட்ட யப்பானிய மீனவர் பலரைத் திரும்பத் திரும்ப நீந்திச் சென்று அவர் காப்பாற்றினார். அதற்காக அமெரிக்க அரசின் பொற்பதக்கமும் பெற்றார். 1919இல் பரவிய விஷக்காய்ச்சலில், முப்பத்தைந்து வயதிலேயே மாண்டார்.

இங்கே ஒன்று அவதானிக்கத்தக்கது. விற்பனைக்கு முந்திய தூய அலைச்சறுக்கல் என்று ஒன்று கலிபோர்னியாவிற் பரவலாக இருந்ததேயில்லை. அது அக்கரையிற் பரவலாக அறிமுகமானதே நுழைவுச்சீட்டின் விளம்பரமாகத்தான். மறுபுறத்தில், ஹவாய் மக்களிடையே அது குலத்தலைவரும் சாதாரண மக்களும் ஒருங்கே ஈடுபட்ட பழங்கலை. அவர்தம் இராச்சியம் 1893இற் கவிழ்க்கப்பட்டது. 1898இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. நாட்டைப் பறிகொடுத்து ஒரு தலைமுறையும் ஆகுமுன்னரே அவர்களது விளையாட்டு மற்றொரு கரையின் சொத்தாயிற்று.

கின்னியின் கனவு நீடிக்கவில்லை. 1926இல் வெனிஸ் லொஸ் ஏஞ்சல்சுடன் இணைந்தது. 1929இற் கால்வாய்களிற் பெரும்பாலானவை மண்ணிட்டு மூடப்பட்டுத் தெருக்களாயின. அதே ஆண்டில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட, கடற்கரையோரம் எண்ணெய்க் கிணறுகள் முளைத்தன. ஊர் அழுக்கேறிச் சிதைந்தது. இந்தச் சிதைவுதான் பின்வந்த கலைஞருக்கு வரமாயிற்று. வாடகை குறைந்தது, பெரிய வெற்றுக் கட்டடங்கள் ஓவியக் கூடங்களாயின, எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்பாரில்லை. 1950களிற் கவிஞர் வந்தனர். 1965இல் ஜிம் மொறிசனும் றே மன்சரெக்கும் வெனிஸ் கடற்கரையிற் சந்தித்து ‘டோர்ஸ்’ இசைக்குழுவுக்கு வித்திட்டனர். இருவரும் திரைப்படக் கல்வி முடித்து வேலையின்றி இருந்த பட்டதாரிகள் என்பதை நம் கலைப்பீடத்தார் ஆறுதலுடன் குறித்துக்கொள்ளலாம்.

ஓவியர் கதை இன்னும் சுவையானது. லொஸ் ஏஞ்சல்சில் 1957 முதல் 1966 வரை இயங்கிய பேரஸ் கலைக்கூடத்தைச் சார்ந்தவர்களுள் பில்லி அல் பெங்ஸ்ரன், கென் பிறைஸ் ஆகியோர் அலைச்சறுக்குவோர். 1961இல் நடைபெற்ற பிறைசின் கண்காட்சிச் சுவரொட்டியிலே அவரது மட்பாண்டங்கள் இல்லை. அலைமீது கைவிரித்து நிற்கும் பிறைசே இருந்தார். பெங்ஸ்ரன் தூரிகையைக் கைவிட்டு, மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் மெருகு வண்ணத்தை விசிறிப் படம் செய்தார். பீற்றர் அலெக்சாண்டர் தமது சறுக்குப்பலகையைப் பழுதுபார்க்கையில், கடதாசிக் கோப்பையினடியில் எஞ்சி இறுகிய பிசினின் தெளிவைக் கண்டு வியந்து, பொலியெஸ்ரர்ப் பிசினிலே ஒளி ஊடுருவும் சிற்பங்களை வார்க்கத் தொடங்கினார். அக்காலத்து ஐரோப்பிய அழகியலில் ஊறியவர்கள் இதனை இழிவாகப் பேசியிருக்கலாம். ஆனால் மேல்தளத்தின் மினுக்கத்தையும் கடல்வெளியின் ஒளியையும் இவ்வளவு கருத்தூன்றி நோக்கிய ஒரு கலைமரபு பட்டறையிலிருந்தே பிறந்தது, அகடமியிலிருந்து பிறக்கவில்லை. கைவினைக்கும் கலைக்கும் இடையே மதில் எழுப்புவோர் இவ்வுண்மைக்கு விடைகூற வேண்டும்.

இசையும் இவ்வாறே. அலைச்சறுக்குவோரின் இசையாக 1960களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியாவிற் புகழ்பெற்ற கிற்றார் இசையின் முதல்வர் டிக் டேல், லெபனான் வழிவந்த தந்தைக்குப் பிறந்தவர். அவரது புகழ்பெற்ற ‘மிசிர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தின் பழைய மெட்டு. கடலைப் பற்றி ஓயாது பாடிய ‘பீச் போய்ஸ்’ குழுவிலோ உண்மையில் அலையேறத் தெரிந்தவர் டெனிஸ் வில்சன் ஒருவரே. அவரும் 1983இல், வெனிசுக்கு அடுத்த மறினா டெல் றேயிலே நீரில் மூழ்கி இறந்தார்.

இனி நமது வினாவின் மையத்துக்கு வருவோம். வெனிசுக்கும் சான்ரா மொனிக்காவுக்கும் எல்லையில் 1958இல் திறக்கப்பட்ட பசிபிக் ஓஷன் பார்க் என்னும் கேளிக்கைத் துறை 1967இல் மூடப்பட்டு இடிபாடாகக் கிடந்தது. கடலுக்குள் நீட்டிநின்ற அதன் உளுத்த தூண்களுக்கிடையே உயிரைப் பணயம் வைத்து அலையேறினர் அயலிலுள்ள வறிய வீட்டுப் பிள்ளைகள். அப்பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டோக்ரவுண்’, அதாவது நாய்ப்பட்டினம். ஜெவ் ஹோ, ஸ்கிப் எங்புளொம், கிறெய்க் ஸ்ரெசிக் என்னும் மூவர் நடத்திய ‘செபிர்’ சறுக்குப்பலகைக் கடை இவர்களுக்குப் புகலிடமாயிற்று. கடைப் பலகைகளிலே வழக்கமான தென்னை மரமும் அந்திவானமும் இல்லை. அயலிலுள்ள மெக்சிக்க வழித்தோன்றல் இளைஞர் சுவர்களில் எழுதிவந்த எழுத்துருக்களின் சாயல் இருந்தது. அலை ஓய்ந்த பிற்பகல்களில் இப்பிள்ளைகள் சில்லுப்பலகைகளில் ஏறி, அலைமீது வளைவதுபோலத் தார்த் தளத்திலே தாழ்ந்து வளைந்தனர். 1975இல் டெல் மார் நகரிற் போட்டியொன்றிலே ரொனி அல்வா, ஜே அடம்ஸ், ஸ்ரேசி பெறால்ற்றா, அணியின் ஒரேயொரு பெண்ணான பெகி ஓக்கி முதலியோர் இதனை நிகழ்த்திக் காட்டியபோது, பழைய பாணி ஒரே நாளிற் கிழடு தட்டிவிட்டது. 1976, 1977 ஆகிய ஆண்டுகளிற் கலிபோர்னியாவைக் கடும் வரட்சி பீடித்தது. செல்வர் இல்லங்களின் நீச்சல் தடாகங்கள் வற்றின. மதிலேறிக் குதித்து அவ்வெற்றுத் தடாகங்களின் வளைந்த சுவர்களையே இவர்கள் அலைகளாக்கிக் கொண்டனர்.

மனிதன் விளையாடும்போதுதான் முழு மனிதனாகிறான் என்ற கருத்தை ஷில்லர் தமது அழகியற் கல்வி பற்றிய கடிதங்களில் 1795இலேயே முன்வைத்தார். பண்பாடே விளையாட்டிலிருந்து எழுந்ததென ஹொய்சிங்கா 1938இல் வாதிட்டார். வற்றிய தடாகத்தின் விளிம்பிலே ஒரு கையூன்றித் திரும்பும் பதினைந்து வயதுச் சிறுவனைக் கண்டிருந்தால் இருவரும் தமக்கொரு சான்று கிடைத்ததென மகிழ்ந்திருப்பர். ஆனால் அந்தக் குதூகலம் ஓரிரு ஆண்டுகளே நீடித்தது. நிறுவனங்கள் வந்தன, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரிலே ஒப்பந்தம் செய்து பிரிந்தனர், 1976இற் கடையும் மூடப்பட்டது. 2001இல் பெறால்ற்றாவே அக்கதையை ஆவணப் படமாக்கினார். அப்படத்துக்குப் பணம் கொடுத்தது, அவர்கள் அணிந்த சப்பாத்துகளைச் செய்த வான்ஸ் நிறுவனம். ‘விலைபோயினர்’ என்னும் தீர்ப்பை வழங்க இதைவிடச் சிறந்த வழக்குக் கிடையாது.

எனினும் அத்தீர்ப்பு எனக்கு உவப்பாயில்லை. கூலிவேலை செய்யும் தாயொருத்தியின் மகன் தன் உடலின் திறனுக்குப் பணம் பெறுவது ஒழுக்கக்கேடு என்றால், அவ்வொழுக்கம் யாருடைய ஒழுக்கம்? விற்காமலிருப்பதற்கும் ஒரு கையிருப்பு வேண்டும். தந்தையின் சொத்து உள்ளவன் தன் கலையை விற்காமல் வைத்திருப்பதைத் துறவென்று கொண்டாடி, இல்லாதவன் விற்பதை இழிவென்று ஏசுவது அழகியல் வேடமணிந்த வர்க்க மனப்பான்மையே. 1980களின் தொடக்கத்திலே லகுணா பீச்சிற் சறுக்குப்பலகை செய்த ஷோன் ஸ்ரூசி, பலகையில் இடும் தன் கையொப்பத்தை ரீ சேர்ட்டிலும் அச்சிட்டார். கையொப்பம் அவருடையது, பலகையும் அவர் கையாற் செதுக்கியது. அதிற் குற்றம் காண முயல்வோர் தட்டாரும் தச்சரும் கூலி வாங்குவதையும் குற்றமென்றே கூறவேண்டும்.

குற்றம் உண்டெனில் அது வேறோரிடத்தில் உள்ளது. அரிஸ்ரோட்டில் ஓய்வே மேலான வாழ்வின் நிலைக்களம் என்றார். நாடா தானாக நெய்தால் எசமானருக்கு அடிமைகள் வேண்டியதில்லை என்றும் அவரே கூறினார். இரண்டாவது கூற்று முதலாவதன் கணக்கேடு ஆகும். யாரோ ஒருவர் உழைப்பிலேதான் மற்றொருவர் ஓய்வு பிறக்கிறது. வெனிஸ் கலைஞரின் ஓய்வுக்கு அத்தகைய கணக்கேடு உண்டா?

உண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஹவாய் இருக்கிறது. அதனை முன்னரே கண்டோம். மறுபக்கத்தில் ஓக்வூட் என்னும் சிறு பகுதி இருக்கிறது. கால்வாய்களைத் தோண்டவும் கேளிக்கைத் துறைகளைத் துப்புரவு செய்யவும் வந்த கறுப்பின மக்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட இடம் அது. கின்னியின் மோட்டார் வண்டியோட்டியான ஏர்வின் ரேபர் ஒரு கறுப்பினத்தவர். 1920இற் கின்னி இறந்தபின் அவரது வீடு ரேபருக்குக் கிடைத்தது. ஆனால் அவ்வீடு நின்ற தெருவிற் கறுப்பினத்தவர் வாழலாகாது. ஆகவே ரேபர் குடும்பத்தினர் வீட்டையே பெயர்த்து ஓக்வூட்டுக்குக் கொண்டுசென்றனர். எழுபது ஆண்டுகளின் பின் ஒரு தெரு, கின்னியின் பெயரால் அழைக்கப்பட்டு நாகரிக உடைக்கடைகளாற் பொலிந்தது. கலைஞர் வந்து அழகாக்கிய ஊருக்கு 2010களிற் கணினி நிறுவனங்களும் வந்தன, வாடகை வானளாவியது, ஓக்வூட்டின் பழங்குடும்பங்கள் பல வெளியேறின. அவர்களை வெளியேற்ற வேண்டுமென எந்த ஓவியனும் எண்ணியதில்லை. ஆயினும் அவ்வூரின் விலையை ஏற்றியது அவனது தூரிகைதான்.

சான்ரா மொனிக்காவிலே பே தெருவின் முனையிலுள்ள கடற்கரைத் துண்டொன்றில் மட்டுமே கறுப்பினத்தவர் இடையூறின்றிக் கூடமுடிந்தது. ‘மைக்கூடு’ என்னும் இழிபெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நிக் கபல்டோன் என்னும் இளைஞர், கறுப்பின, மெக்சிக்க மரபுகளிற் பிறந்தவர், அங்கே அலையேறப் பழகினார். மலிபுவின் பேரலைகளை நாடிப் பலகைமேற் படுத்துக் கைகளாற் கடலைத் துழாவியே பன்னிரண்டு மைல் தூரம் செல்வார் என்பர். 1951 யூனில் மலிபு இறங்குதுறைத் தூணில் மோதி மாண்டார். அவர் சான்ரா மொனிக்காக் கல்லூரி மாணவர். கடல் விழுங்கிய உயிர்களைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகைக்குக் கவிதையும் எழுதியவர். மாணவர் சஞ்சிகையொன்றில் எழுதும் எனக்கு இந்தச் செய்தியைக் கடந்து செல்வது எளிதாயிருக்கவில்லை.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழும். அறியாமற் பெற்றதற்கு ஒருவன் கடனாளியாவானா? கடனுக்கு உடன்படிக்கை வேண்டும். பதினைந்து வயதுச் சிறுவன் ஹவாய் அரசியுடன் எந்த உடன்படிக்கையும் செய்யவில்லையே என்பர் ஒப்பந்தவாதிகள். ஆங்கிலத்திற் சிந்திப்போருக்கு இது வலுவான ஆட்சேபம். தமிழிலோ ‘கடன்’ என்னும் சொல் வாங்கியதைத் திருப்புவதையும், செய்தே ஆகவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கின்றது. நாம் பிதிர்க்கடன் செலுத்துகிறோம். அதனை முன்னோர் கையில் எவரும் கொடுப்பதில்லை. காகத்துக்கும் ஏழைக்கும் இடுகிறோம். நேர்த்திக்கடனும் அவ்வாறே. தந்தவரிடம் திருப்ப முடியாத கடனை அடுத்து வருபவரிடம் செலுத்தும் வழக்கம் நமக்குப் புதியதன்று. ஆகவே கலைஞனிடம் கேட்க வேண்டியது ‘விற்றாயா?’ என்பதன்று, ‘உனக்குத் திறந்து கிடந்த கரை உனக்குப் பின் வருபவனுக்கும் திறந்திருக்கிறதா?’ என்பதே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தூயவர் எனப்பட்டோர் நிலை மாறிவிடுகிறது. உளுத்த தூண்களிடையே அலையேறிய சிறுவர், வெளியார் வந்தாற் கல்லெறிந்து துரத்தினர். தெற்கே, செல்வர் வாழும் பாலோஸ் வேர்டெசிலுள்ள லுனாடா குடாவில் இது உச்சம் பெற்றது. அங்குள்ளோர் தமது அலையைப் படம்பிடிக்கவும் விளம்பரத்துக்குக் கொடுக்கவும் மறுத்தவர்கள், சந்தையை வெறுத்தவர்கள். வெளியூராரை அச்சுறுத்துவதும் அவர்தம் வாகனங்களைச் சேதப்படுத்துவதுமாகப் பல தசாப்தங்களாக அக்குடாவைத் தமக்கென வைத்திருந்தனர் என 2016இல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் கரையிற் கட்டியிருந்த கற்கோட்டை அதே ஆண்டில் இடிக்கப்பட்டது. ஒரு சதமும் பெறாமலே பொதுக் கடலைத் தனியுடைமையாக்கலாம் என்பதற்கு இது சான்று. மாறாக, வான்சிடம் பணம் பெற்ற பெறால்ற்றாவின் படத்தைப் பார்த்து உலகின் எத்தனையோ சீமெந்துத் தெருக்களிற் சிறுவர் பலகையேறினர். சந்தை திறந்த கதவும் உண்டு; தூய்மை அடைத்த கதவும் உண்டு. சந்தை எப்போதும் கதவைத் திறக்கும் என்று இதனாற் கொள்ளலாகாது. ஓக்வூட்டில் அதுவே கதவடைத்தது.

நமது கரைக்கும் இக்கணக்கில் ஒரு பக்கம் உண்டு. பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவின் அலைகளை நாடி மேனாட்டு இளைஞர் வரத் தொடங்கி அரை நூற்றாண்டாகிறது. இன்று உள்ளூர் இளைஞரும் திறமையாக அலையேறுகின்றனர். உடைக்கடைகளும் இரவிசையும் அங்கும் தோன்றியுள்ளன. 2004 ஆழிப்பேரலையின் பின் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. மீனவர் குடிசைகளுக்கு அவ்விதி இறுக்கமாயிருந்தது. உல்லாச விடுதிகளுக்கோ விலக்கு இருந்தது. 2005 இறுதியில் விதி தளர்த்தப்பட்டதாயினும், கரை யாருக்கு என்னும் கேள்வி ஓயவில்லை. அலையேறும் இளைஞன் மீனவனின் மகனாக இருக்கையில் அக்கேள்வி ஒரு வீட்டினுள்ளேயே எழுகிறது. வள்ளம் இழுத்து வைக்கும் மணலிலேதான் பலகைகளும் வரிசையாக நிற்கின்றன.

கலிபோர்னியாவிற் சில கடன்கள் காலந்தாழ்த்தியேனும் செலுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் கரையோரச் சட்டம், கடற்கரைக்குச் செல்லும் வழியை மக்களின் உரிமையாகக் காத்தது. வெனிசுக்குத் தெற்கே மன்ஹற்றன் பீச்சில், வில்லா, சாள்ஸ் புறூஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் 1912 முதல் நடத்திவந்த கடற்கரை விடுதியின் நிலத்தைப் பூங்கா அமைப்பதாகக் கூறி நகரசபை 1924இற் கையகப்படுத்தத் தொடங்கிப் பறித்துக்கொண்டது. அந்நிலம் 2022இல் அவர்தம் வழித்தோன்றல்களிடம் மீள ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டே அவர்கள் அதனை ஏறத்தாழ இரண்டு கோடி டொலருக்கு மாவட்ட நிருவாகத்திடமே விற்றனர். இதைக் கேட்டு ‘கடைசியில் அவர்களும் விற்றுவிட்டார்களே’ என ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். நூறாண்டு காத்திருந்தவர் விற்பதற்கும் நமது அனுமதி வேண்டும் போலும்!

பே தெருவின் முனையில் 2008இல் கபல்டோன் பெயர் பொறித்த நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஆண்டுதோறும் அவர் நினைவாக ஒரு நாள் அக்கரையிற் கொண்டாடப்படுகிறது. நகரின் உட்பகுதிகளிலிருந்து, கடலுக்கு அருகே வாழ்ந்தும் கடலில் இறங்கியிராத பிள்ளைகளை அழைத்து வந்து, பலகை கொடுத்து, அலையேறக் கற்பிக்கின்றனர். அன்று பணம் வாங்குவதில்லை.